மாமாவுக்குப் புரையேறிய நாட்கள்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்கலாம். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் மகளிர் குழுவில் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் கூடின இடத்தில் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் இப்போது பகல் முழுக்கத் தூங்குகிறார். அவருடைய மருமகள் குழாயடியில் என்னிடம், "மாத்திரை நல்லா கேக்குதுக்கா, இப்பதான் நிம்மதி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். குடத்தை இறக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை அவளிடம் சொல்லப் பார்த்தேன். பாதிக்கு மேல் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தப்பும் தவறும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இளவயதில் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்ததும் அதற்குக் கட்டினார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஞாபகம் தப்பிப்போன பிறகு என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. பெற்ற மகனைச் சில நாள் தெரியும், சில நாள் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்பார். தண்ணீர் மட்டும் மறக்கவில்லை. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து, "மடையைத் தொறக்கணும், நம்ம முறை" என்று நடக்க ஆரம்பிப்பார்.

போன வருஷம் தண்ணீர் வந்த புதிதில் நான் அடுப்படியில் இருந்தேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ஓடி வந்து, "உங்க மாமனாரு வாய்க்காலுக்குள்ள நிக்கிறாரு, வந்து பாருங்க" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் இடுப்புக்கு மேல் தண்ணீர். ஒரு கையால் காட்டாமணக்குக் கிளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார். மண்வெட்டி விழுந்துவிட்டதாம். அவர் மண்வெட்டியே எடுத்துப் போகவில்லை. அதை நாங்கள் எப்போதோ பரண்மேல் போட்டுவிட்டோம். கிளை வளைந்து வளைந்து கொடுத்தது. நானும் அந்த அம்மாவும் இறங்கி இழுத்து வந்தோம்.

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னால் ஊரே சந்தோஷப்படும். நான் எழுந்து போய் மாமா நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். வாய்க்கால் நிறைந்து ஓடுகிற சத்தம் எங்கள் கொல்லைப்பக்கம் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே மாமாவின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது போய்க்கொண்டே இருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். ராத்திரியில் தூங்குவதில்லை, எழுந்து எழுந்து கதவைத் தட்டுகிறார் என்று சொன்னோம். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, இரவில் படுக்கும்போது மட்டும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம், மாமா தூங்கினார். அதுவரை சரிதான்.

இந்த வருஷம் குறுவை நடவு வந்தது. எங்கள் பக்கம் சின்ன வயல்காரர்கள் மாத்தாள் வைத்துத்தான் நடுவோம். அதாவது உன் வயலுக்கு நான் வந்து நடுவேன், என் வயலுக்கு நீ வரவேண்டும். மெஷின் நடவு வந்துவிட்டது என்றாலும் எங்கள் வயல் தாழ்வானது, சேறு ஆழம், மெஷின் இறங்கினால் மாட்டிக்கொள்ளும். அதனால் மற்றவர்கள் வயலுக்கு நான் போயே ஆகவேண்டும். ஒரு நாள் போகாமல் விட்டால் நம் வயலுக்கு அந்த ஆள் வராது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலை. வீட்டுக்காரர் வரப்பு வெட்ட, நாற்றுக்கட்டுப் போட என்று போய்விடுவார். ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். பகலில்தான் வீடு காலி.

வீட்டுக்காரர் சொன்னார், "ராத்திரி போடுறதைக் காலையில போட்டா என்ன? அதே மாத்திரைதானே?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மெடிக்கலில் கேட்டதற்கு, "நல்லா தூங்குவாரு, வேற ஒண்ணும் ஆகாது" என்றார்கள். காலை மாத்திரையால் பகலில் தூங்கியவர் ராத்திரி விழித்துக்கொண்டார். அதனால் ராத்திரிக்கும் பாதி கொடுத்தோம்.

அந்த வாரம் நான் நிம்மதியாக நட்டேன். குனிந்து நாற்றை ஊன்றும்போது வாய்க்கால் சத்தம் பக்கத்திலேயே கேட்கும், ஆனால் மாமா வீட்டில் தூங்குகிறார். கூட நட்டவர்கள்கூட, "என்ன இன்னிக்கு வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கலையே" என்று கேலி பண்ணினார்கள்.

காலையில் போகிற அவசரத்தில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்வதற்குள் நாலு வாய் சோறு ஊட்டப் பார்ப்பேன். பாதியிலேயே கண் சொருகிவிடும். வாயில் சோறு அப்படியே இருக்கும். "முழுங்குங்க மாமா, முழுங்குங்க" என்று கன்னத்தைத் தட்டுவேன். தண்ணீர் ஊற்றினால் இறங்கும் என்று ஒரு மடக்கு ஊற்றுவேன். மதியம் வந்து தூக்கத்திலேயே தலையை லேசாகத் தூக்கிக் கஞ்சி கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் புரையேறும். நம் வீடுகளில் புரையேறினால் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். நானும் தட்டினேன்.

அப்போதுதான் அண்ணி வந்தார். அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா, பேராவூரணியில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. எப்போது வந்தாலும் ஒரு சாக்கு இளநீரோடுதான் பஸ்ஸிலிருந்து இறங்குவார். வந்ததும் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னடி, பட்டப்பகல்ல எங்கப்பனைத் தூங்க வச்சிருக்கே? ராத்திரி காவலுக்கு அனுப்பப் போறியா?"

"மாத்திரை போட்டிருக்கு அண்ணி. இல்லாட்டி வாய்க்காலுக்குப் போயிடுறாரு."

"போனா போறாரு, அந்த வாய்க்காலை வெட்டுனதே அவருதான். உடம்பு சூடுடி இது. இளநீ குடுத்தா தெளிஞ்சிரும்."

சீவிய இளநீரைச் சொம்பில் ஊற்றி, படுத்திருந்த அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினார். மாமா கண்ணைத் திறக்காமலே குடித்தார். திடீரென்று உடம்பு தூக்கிப்போட்டது. முகம் சிவந்து, மூக்கு வழியாக இளநீர் வந்தது. அண்ணி தலையில் தட்டினார்.

"ம்... எங்கம்மாதான் மேலேர்ந்து நெனைக்கிறா. நெனைக்காதடி அம்மா, இவரு இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்!"

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்காரரும் சிரித்தார். இருமல் நின்றது. அது நின்றதே ஆபத்து என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மாமாவின் குரல் மாறியிருந்தது. தொண்டைக்குள் தண்ணீர் இருக்கிற மாதிரி ஒரு கொழகொழப்பு. லேசான இருமல். வீட்டுக்காரர் மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கி வந்தார். அதைக் கொடுத்ததும் தூக்கம் இன்னும் கூடியது. சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். கூப்பிட்டால் "ம்" என்பார், கண் திறக்காது. கை கால் சில்லென்று இருந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பெரிதாகத் தெரியவில்லை.

"மாத்திரை நல்லா கேக்குது" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பயம் வந்தது. வாய்க்கால் பயம் வேறு, இது வேறு. இது எங்கே இருக்கிறது என்று தெரியாத பயம். மாமாவின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடி வந்த மனிதர் மாதிரி வேகவேகமாக இழுத்தது. படுத்தே கிடக்கிறவருக்கு எதற்கு இந்த ஓட்டம்? வீட்டுக்காரரிடம், "ஏங்க, மூச்சு வேகமா இருக்கு" என்றேன். "தூக்கத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார். அண்ணி மனசு கேட்காமல் ஊருக்குத் திரும்பாமல் இருந்துவிட்டார். அன்று ராத்திரிப் பாதியையும், மறுநாள் காலை மாத்திரையையும் நான் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

அந்தக் காலையில் விடிந்த கொஞ்ச நேரத்தில் மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?"

"நம்ம மடைக்கு வந்துடுச்சு மாமா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியத்துக்குள் மூச்சு சத்தமாகிவிட்டது. தொண்டையில் கொர் கொர் என்று இரைச்சல், வாசல் வரை கேட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். ஊரில் பல பேருடைய கடைசி மூச்சைப் பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"மேல்மூச்சு வாங்குதுப்பா. இனிமே எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டுப் பாலை ஊத்துங்க. மகன் கையால மொதல்ல."

அண்ணி ஓவென்று அழ ஆரம்பித்தார். யாரோ எங்கள் அடுப்படிக்குள்ளேயே போய்ப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தார்கள். தெருவில் உள்ளவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டார்கள். போகிற உயிருக்கு ஒரு வாய் பால் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் தாகத்தோடு போகும் என்பார்கள். என் அப்பாவுக்கு நானே ஊற்றியிருக்கிறேன். வீட்டுக்காரர் டம்ளரையும் ஸ்பூனையும் கையில் வாங்கினார்.

எனக்குக் காலையில் மாமா கேட்டதுதான் காதில் இருந்தது. சாகிற மனுஷன் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்றா கேட்பார்? இளநீர் மூக்கு வழியாக வந்ததும் நினைவுக்கு வந்தது. ஒரு மடக்கு இளநீருக்கே அப்படித் திணறியவர், இத்தனை பேரும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றினால்? சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பெரியவர்கள் அத்தனை பேர் நிற்கிற இடத்தில் நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வீட்டுக்காரர் ஸ்பூனைக் கிட்டே கொண்டு போனார்.

நான் போய் என் உள்ளங்கையை மாமாவின் வாயின்மேல் கவிழ்த்து வைத்தேன்.

பால் என் புறங்கையில் சிந்தியது. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அண்ணி பாய்ந்து வந்தார்.

"அடியே! என்னடி பண்றே? எங்கப்பன் வாயைப் பொத்துறியே! ஒரு வாய் பாலுக்குக்கூடவா உனக்குப் பொறுக்கலை?"

"மருமக பித்துப் புடிச்சு நிக்குது, கையை எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றார் பெரியவர்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் எடுக்கவில்லை. மூக்கை மறைக்காமல்தான் வைத்திருந்தேன். அவருடைய மூச்சு என் விரல்களில் பட்டது. நெற்றியில் தெரியாத காய்ச்சல் அந்த மூச்சில் அனலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அதுவும் அழுகையோடு.

"பால் வேணாங்க. உள்ள போற எல்லாம் மூச்சுக்குழாய்க்குப் போகுது. இது மாத்திரைத் தூக்கம். காலையில என்கிட்ட பேசுனாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். அங்க போய் உசுரு போனா போகட்டும், நம்ம கையால வேணாங்க."

எல்லோரும் என்னையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க யாராவது" என்றார்.

ஆம்புலன்சில் மாமாவின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் அவர் போய்விட்டால் ஊர் என்ன சொல்லும் என்றும் நினைத்தேன். தாகத்தோடு அனுப்பிய மருமகள் என்று சாகிறவரை சொல்வார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என் மகள் வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் கீழே வெள்ளையாக, பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

"நிமோனியா. என்ன மாத்திரை குடுத்தீங்க?"

கிளம்பும்போது இடுப்பில் சொருகிக்கொண்ட மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். எப்போது கொடுத்தோம், டானிக் எப்போது, சாப்பாடு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"தூக்க மாத்திரை போட்டா கண்ணு மட்டும் தூங்காதும்மா, தொண்டையும் சேர்ந்து தூங்கிடும். நமக்கெல்லாம் சாப்பாடு தப்பான வழியில போனா இருமி வெளிய தள்ளிடுவோம். இவருக்கு ஏற்கெனவே முழுங்குறதுல தடுமாற்றம். அதுக்கு மேல மாத்திரை, டானிக்கும் தூக்கம். இருமக்கூட முடியாம சோறும் எச்சிலும் கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கு. வயசானவங்களுக்குக் காய்ச்சல் வெளிய தெரியாமலே இப்படி ஆகும். தூக்கம்தான் கூடும்."

"புரையேறுச்சுங்க" என்றேன். "அடிக்கடி ஏறுச்சு."

"அதுதான்மா அறிகுறி."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

சில நாள் அவர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமலே போனது. பிறகு மூச்சிரைப்பு இறங்கியது. டாக்டர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். நீங்களாகக் கொடுக்கவும் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது என்றார். நர்ஸ் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் படுக்கவிடக் கூடாதாம்.

பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அண்ணி என் கையைத் தூக்கிக் காட்டுவார். "எங்கப்பன் வாயைப் பொத்துன கை இதுதான். நல்லா பாத்துக்குங்க. நானா இருந்தா எளநீயாலயே அனுப்பியிருப்பேன்!" சொல்லிவிட்டுச் சிரிப்பார். உடனே கண் கலங்கிவிடும். என்னால் சிரிக்க முடியவில்லை. கிளம்பும்போது டாக்டர் சொன்னது எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு தடவை வந்தவருக்குத் திரும்பவும் வரலாம். பார்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே மாமா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டார். வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். காலில் பலம் இல்லை, நாற்காலியிலேயே விழுந்தார். இன்னும் கொஞ்ச நாளில் பலம் வந்துவிடும். வரவேண்டும் என்றுதான் இத்தனை பாடும் பட்டோம். வந்தால் எங்கே போவார் என்றும் தெரியும்.

எங்கள் வயல் நடவு எங்களுக்காகத் தள்ளிப்போயிருந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இனிமேல் வைத்திருக்க முடியாது. மறுநாள் ஆட்கள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணி ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் அலமாரியில் மீதி இருந்த இன்னொரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், பாதி குடுத்தா...?"

கேட்டவுடனே அவர் முகமே சுருங்கிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை அவர். அவருக்கும் அந்த வாய்க்கால் பயம்தான். அட்டையை வாங்கிக் கொல்லைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

மறுநாள் நான் நடவுக்குப் போகவில்லை. எங்கள் வயலை ஒரு ஆள் குறைவாகவே நட்டு முடித்தார்கள். மாமா மூன்று தடவை எழுந்து வாய்க்கால் பக்கம் போகப் பார்த்தார், மூன்று தடவையும் பிடித்து உட்கார வைத்தேன். மதியம் கெட்டிக் கஞ்சி கொடுத்தேன். ஒரு தடவை புரையேறியது. இந்தத் தடவை உச்சந்தலையில் தட்டவில்லை, கஞ்சியை வைத்துவிட்டு அவர் இருமி முடிக்கும்வரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.